ஆறடி ஆறங்குல சென்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடியும் மைதானத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் இப்போது அவள் அலுவலகப் பேச்சுதான். பள்ளி அணியில் இந்த ஆண்டு உயரமான பையன் ஒருவன்கூட இல்லை, கூடைக்கு அடியில் யாரை நிறுத்துவது என்றே புரியவில்லை என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததுமே ஐரோப்பாவில் ஆடிப் புகழ் பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் கைல் ஹைன்ஸ் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டார். அவரைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போது நீயே அதற்கு வழி செய்துவிட்டாய்.

ஹைன்ஸ் 1986-இல் பிறந்தவர். பிலடெல்ஃபியாவுக்கு அருகே, நியூ ஜெர்சி மாநிலத்துச் சிக்லர்வில்லில் வளர்ந்தவர். உயரம் ஆறடி ஆறங்குலம். நம் ஊரில் அந்த உயரத்தில் ஒருவன் தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அமெரிக்கக் கூடைப்பந்திலோ, கூடைக்கு அடியில் நிற்கும் சென்டர் இடத்தில் ஆடுகிறவனுக்கு அது குள்ளம். பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் பெறாமல் அவர் 2004-இல் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்போரோ வளாகத்தில் சேர்ந்தார். மைக்கேல் ஜோர்டன் படித்த சேப்பல் ஹில் வளாகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. பெயரில் உறவு இருந்தாலும், கூடைப்பந்தில் இரண்டுக்கும் இருந்த மதிப்பு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கிரீன்ஸ்போரோ ஆடிய சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பிரிவில், டேவிட்சன் கல்லூரிக்காக, பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஸ்டெஃபன் கரி ஆடிக்கொண்டிருந்த காலம் அது. 2007-இல் அந்தப் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஹைன்ஸுக்குத்தான் கிடைத்தது.

நான்கு ஆண்டுக் கல்லூரி ஆட்டத்தில் அவர் 2,000 புள்ளிகளையும் 1,000 ரீபவுண்டுகளையும் (குறி தவறிய பந்தைப் பிடிப்பது) 300 பிளாக்குகளையும் (எதிரணியின் எறிதலைத் தட்டிவிடுவது) தாண்டினார். இந்த மூன்றையும் ஒருசேரத் தாண்டியவர்கள் அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் மிகச் சிலரே. அவர்களில் டேவிட் ராபின்சனும் அலோன்ஸோ மோர்னிங்கும் டிம் டங்கனும் உண்டு. அந்த மூவரும் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் இரண்டு இடங்களுக்குள் தேர்வானவர்கள். 2008 டிராஃப்டில் அறுபது பேரை எடுத்தார்கள். அந்த அறுபதில் ஹைன்ஸ் இல்லை. சென்டருக்கு உயரம் போதாது, வெளியிலிருந்து எறிகிற கையும் இல்லை, ஆகவே கூடையிலிருந்து சற்று விலகி ஆடும் ஃபார்வர்டாகவும் நிறுத்த முடியாது என்பதுதான் அன்றைய கணக்கு. அந்தக் கணக்கை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. நான்கு ஆண்டுகளாக ஒருவன் உயரமானவர்களின் பந்தைத் தட்டிவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும், அளவுகோலைத்தான் நம்பினார்கள்.

அவர் இத்தாலிக்குப் போனார். அதுவும் முதல் டிவிஷனுக்கு இல்லை. ரோம் நகரத்துக்குத் தென்கிழக்கே மலைமேல் இருக்கும் வெரோலி என்ற சிற்றூரின் அணிக்கு, இரண்டாம் டிவிஷனுக்கு. ஐரோப்பாவில் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே அந்த இடத்தில் வந்து சேரும் அமெரிக்கர் மேல்தான் பாரம் முழுவதும் விழும். அணி நான்கு ஆட்டங்களில் தோற்றால், சீசனுக்கு நடுவிலேயே அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கொண்டுவருவார்கள். கிளப் வீடும் காரும் கொடுக்கும். ஆனால் மொழி தெரியாத ஊரில் ஆட்டம் முடிந்து தனியாகத் திரும்புகிற இரவுகளுக்கு ஒப்பந்தத்தில் ஈடு கிடையாது. எத்தனையோ அமெரிக்க இளைஞர்கள் ஓராண்டில் மனம் உடைந்து திரும்பியிருக்கிறார்கள். ஹைன்ஸ் வெரோலியில் இரண்டு ஆண்டுகள் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டார்.

2010-இல் ஜெர்மனியின் பாம்பெர்க் அணி அவரை எடுத்தது. ஒரே சீசனில் லீக் பட்டமும் கோப்பையும் கிடைத்தன. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அடுத்த ஆண்டு கிரேக்க நாட்டின் ஒலிம்பியாகோஸ். நாடே கடனில் மூழ்கிக் கிடந்த நேரம். கிளப் செலவைச் சுருக்கி, பெரிய சம்பளக்காரர்கள் பலரை விட்டுவிட்டது. அதனால்தான் ஹைன்ஸ் போன்றவருக்கு அங்கே இடம் கிடைத்தது.

2012 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த, ஐரோப்பிய கிளப் அணிகளின் உச்சப் போட்டியான யூரோலீக்கின் இறுதி ஆட்டத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். எதிரணி மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ.; ஆந்த்ரேய் கிரிலென்கோவும், ஒலிம்பியாகோஸ் இழந்த மிலோஷ் தியோதோசிச்சும் அந்தப் பக்கம் ஆடினார்கள். மூன்றாம் கால்பகுதியில் 34–53 என்று பத்தொன்பது புள்ளி பின்தங்கிய ஒலிம்பியாகோஸ், அங்கிருந்து ஏறி வந்து, ஸ்பனூலிஸ் கொடுத்த பந்தைப் பிரிந்தெசிஸ் கடைசி நொடியில் உள்ளே போட, 62–61 என்று வென்றது. எல்லோரும் அந்தக் கடைசி எறிதலைத்தான் பேசுவார்கள். எனக்கோ, அதற்கு முன்பு எதிரணியை வரிசையாகப் பல முறை வெறுங்கையோடு திருப்பியனுப்பிய தடுப்புதான் பெரிதாகத் தெரிகிறது. மறு ஆண்டு லண்டனில் அரையிறுதியில் மறுபடியும் சி.எஸ்.கே.ஏ.வைத் தோற்கடித்து, இறுதியில் ரியல் மாட்ரிட்டையும் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையிலேயே சி.எஸ்.கே.ஏ. ஹைன்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இனி உனக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பிக் அண்ட் ரோல் என்ற ஆட்டமுறையில் எதிரணியின் உயரமானவன் மேலே வந்து ஸ்கிரீன் போடுவான், அதாவது பந்தை நடத்திவரும் கார்டைக் காப்பவனின் வழியை மறித்து நிற்பான். அவனைக் காக்கும் சென்டர் பெரும்பாலும் கூடைப் பக்கம் பின்வாங்கிவிடுவான். இடைப்பட்ட வெளியில் கார்டு நின்று நிதானமாக எறிவான். ஹைன்ஸ் பின்வாங்க மாட்டார். ஆளை மாற்றிக்கொண்டு, அந்த வேகமான கார்டையே நேருக்கு நேர் எடுத்துக்கொள்வார். இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, கையை நீட்டிப் பந்தைப் பறிக்க முயலாமல், மார்பை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வார். தப்பி ஓட வழி பார்த்துக் கார்டு தவிக்கும்போதே, ஓர் அணி எறிந்தாக வேண்டிய இருபத்து நான்கு நொடியில் பாதி கரைந்திருக்கும். ஏழடி ஆள் உள்ளே இடம் பிடிக்க வந்தாலோ, பந்து அவன் கைக்கு வருவதற்கு முன்பே தொடையாலும் இடுப்பாலும் அழுத்தி அவனை இரண்டடி வெளியே தள்ளி நிறுத்திவிடுவார். உயரமானவன் பந்தைப் பிடித்துத் திரும்பும்போது கூடை எட்டாத தூரத்தில் இருக்கும். என்.பி.ஏ.வில் தடுப்பவர் ஆளைக் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்குமேல் நிற்கக் கூடாது. ஐரோப்பா பின்பற்றும் ஃபிபா என்ற உலகக் கூடைப்பந்து அமைப்பின் விதியில் அந்தத் தடை இல்லை. ஆகவே தனித்திறமையைவிட இடமறிந்து நிற்பவனுக்கு அங்கே மதிப்பு அதிகம். அதையும் அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

மாஸ்கோவில் ஏழு ஆண்டுகள். 2014 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த அணி யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோருக்கு வந்தது. அவற்றில் இரண்டு முறை அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தது அவருடைய பழைய ஒலிம்பியாகோஸே. ஆனால் 2016-இல் பெர்லினில் கூடுதல் நேரத்தில் ஃபெனர்பாஹ்சேயை 101–96 என்றும், 2019-இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91–83 என்றும் வென்று, தம் யூரோலீக் பட்டங்களை நான்காக்கினார். 2020-இல் மிலானுக்கு மாறி, அங்கே 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று இத்தாலியப் பட்டங்கள் வென்றபின் ஓய்வு பெற்றார். யூரோலீக்கின் சிறந்த தடுப்பாளரைப் பயிற்சியாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; 2016, 2018, 2022 என்று மூன்று முறை அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் முறை அவருக்கு வயது முப்பத்தைந்து.

அவர் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆகவே அவர் இரண்டாம் தர ஆட்டக்காரர் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஏறக்குறைய அதே உயரமுள்ள டிரேமண்ட் கிரீனைச் சென்டராக நிறுத்தி கோல்டன் ஸ்டேட் அணி 2015-இல் பட்டம் வென்றபோது, உயரம் குறைந்த சென்டர் என்ற எண்ணத்தையே அமெரிக்கா புதிதாகக் கொண்டாடியது. ஹைன்ஸ் அதற்குள் அதே வேலையைச் செய்து இரண்டு ஐரோப்பியப் பட்டங்களை வென்றிருந்தார்.

ஆகவே உயரத்தைத் தேடாதே. உன் பையன்களில் இடுப்பைத் தாழ்த்தி நிற்கச் சலிப்படையாதவன் யார், திட்டு வாங்கினாலும் முகம் சுளிக்காமல் மறுபடி ஓடுகிறவன் யார் என்று பார். அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்து. 2012 இறுதி ஆட்டத்தின் பிற்பாதியைப் போட்டுக் காட்டும்போது, பந்தை விட்டுவிட்டு ஹைன்ஸின் கால்களை மட்டும் பார்க்கச் சொல். முதல் இரண்டு வாரம் ஆளை மாற்றிக்கொள்ளும்போது இருவரும் ஒரே ஆளிடம் ஓடுவார்கள். பேசப் பழக்கினால் சரியாகிவிடும். மாவட்டப் போட்டி எந்த வாரம் என்று எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்