பொம்மைக்கு எடை கொடுத்தது கேமராவின் வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய சிறுவர் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரை, பிரிட்டனின் 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரை 'நூல் தெரியும் பொம்மலாட்டம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. கம்பி தெரிவது உண்மைதான். ஆனால் 1965 செப்டம்பர் 30 முதல் ஒளிபரப்பான அந்த 32 அத்தியாயங்களும் இன்றைய பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கத்தக்கவை.

ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியர் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் தொழிற்பேட்டையில் இதை எடுத்தார்கள். 1963இல் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது நடந்த மீட்புப் பணிதான் கதைக்கு வித்து. பொம்மைகள் சுமார் 22 அங்குல உயரம். வசனத்தை முதலிலேயே டேப்பில் பதிந்துவிடுவார்கள். அந்த ஒலி மின்துடிப்பாக மாறி, பொம்மையைத் தாங்கும் கம்பி வழியாகவே தலைக்குள் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்குப் போய்க் கீழுதட்டை அசைக்கும். சோலினாய்டுக்கு இடம் வேண்டியிருந்ததால்தான் தலை அவ்வளவு பெரிது. நடைதான் சரிவரவில்லை. கம்பியில் தொங்கும் உடம்பின் எடை பாதத்தில் இறங்காது, கால் மிதக்கும். அதனால் பொம்மைகளை வாகனத்திலோ நகரும் பாதையிலோ ஏற்றிவிட்டார்கள்.

உண்மையான சாதனை, சிறப்புக் காட்சிகளைக் கவனித்த டெரெக் மெடிங்ஸ் குழு வண்டி, விமானம் போன்றவற்றின் சிறிய மாதிரிகளை வைத்து நடத்திய படப்பிடிப்பு. சின்னப் பொருள் சட்டென்று விழுந்துவிடும். பார்த்ததும் பொம்மை என்று கண் சொல்லிவிடும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்குக் கேமராவை வேகமாக ஓட்ட வேண்டும். அதை வழக்கமான வேகத்தில் திரையிட்டால், பெரிய பொருள் விழுவதுபோல் மெதுவாகத் தெரியும். 25இல் ஒரு பங்கு மாதிரிக்கு 5 மடங்கு. நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 120. வெடிப்புக் காட்சிகளை அவர்கள் 120 பிரேம் வரை எடுத்தது இதனால்தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக விழ லென்ஸ் துவாரத்தையும் சுருக்க வேண்டும். அதனால் விளக்குகள் கடுமையாக எரிய வேண்டியிருந்தது. வேகமும் இடிக்கும்: மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் லாரி என்றால், அதே 25இல் ஒரு பங்கு மாதிரியை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். 900 கிலோமீட்டர் விமானம் என்றால் நொடிக்கு 50 மீட்டர்! எந்தக் கூடம் தாங்கும்? வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, சாலையைப் பட்டையாக உருளைகளின் மேல் அடியில் ஓடவிட்டார்கள். முதல் அத்தியாயத்தில் பயர்பிளாஷ் என்ற கற்பனைப் பயணிகள் விமானம் மீட்பு வண்டிகளின் மேல் இறங்கும் காட்சி இப்படி எடுத்ததே. அருகில் உள்ள பட்டை வேகமாகவும் தூரத்துப் பின்னணி மெதுவாகவும் ஓட வேண்டும். இந்த விகிதம் பிசகினால் வண்டி சறுக்குவதுபோல் இருக்கும்.

தண்ணீர் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. பரப்பு இழுவிசையால் துளி மாதிரியின் அளவுக்குச் சிறுக்காது. கடல் காட்சிகள் பலவீனமாகத் தெரிவது அதனால்தான். மாதிரியைப் பெரிதாகச் செய்வதே வழி.

மெடிங்ஸ் பின்னாளில் 1978இன் 'சூப்பர்மேன்' படத்துக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அதற்கான பயிற்சிக்கூடம் இந்தச் சிறுவர் தொடர்.

உங்கள் சிறுவர் பகுதியில் இதைச் செய்முறையாகவே வெளியிடலாம். பல கைபேசிகளில் நொடிக்கு 240 பிரேம் வசதி இருக்கிறது. அதை 30 பிரேமில் ஓட்டினால் 8 மடங்கு மெதுவாகும். 64இல் ஒரு பங்கு அளவுக்குச் சரியாகப் பொருந்தும். கடையில் விற்கும் சின்ன உலோகக் கார்கள் பல அந்த அளவுதான். லென்ஸைத் தரையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் அது காருக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனின் கண்மட்டம். படத்தை வெயிலில் எடுக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டு விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மினுக்கி, படம் துடிக்கும். புதுப் பெயின்ட் பளபளப்பைப் பென்சில் தூள் தேய்த்து மங்கவைக்க வேண்டும். மலைச்சரிவுக்கு மாவுபோல் சலித்த மண் போதும். 2 மில்லிமீட்டர் கல் ஒன்று கலந்தாலும் திரையில் அது 13 சென்டிமீட்டர் பாறை. பட்டாசு வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை