நஞ்சில்லாக் கடலைக்கு விதை மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பூசணத்தின் மரபணுவை அடக்கி, நிலக்கடலையில் அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைத் தடுக்கும் ஆய்வு பற்றி எங்கள் காரைக்குடி, திருமயம் வட்டாரத்தில் பேச்சு பரவுகிறது. வரவேற்கத்தக்க ஆய்வுதான். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது சம்சாரிக்கும் செக்குக்காரருக்கும் தெரிய வேண்டும்.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைப் பூசணத்தில் நஞ்சு தயாரிக்கும் மரபணு ஒன்றின் துண்டைச் செடிக்குள் சேர்க்கிறார்கள். பருப்பு திரளும்போது செடி அதை ஆர்.என்.ஏ. என்ற மரபணு நகல் மூலக்கூறின் இரட்டை இழையாக்கி, 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. பருப்பில் புகும் பூசண இழை அந்தத் துண்டுகளையும் உறிஞ்சுவதால், நஞ்சுக்கான கட்டளை பூசணத்துக்குள்ளேயே வெட்டுப்படுகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட மக்காச்சோள ஆய்வில், இப்படி மாற்றிய மணிகளில் கண்டறியும் அளவுக்கு நஞ்சே இல்லை. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் நிலக்கடலையில் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

பூசணம் சாவதில்லை, நஞ்சு தயாரிப்பு மட்டும் நிற்கிறது. பூசணம் பிடித்த பருப்பின் எண்ணெய் காறத்தான் செய்யும். மக்காச்சோளத்தில் வேறு நஞ்சு தரும் பியூசேரியம் என்ற பூசணத்துக்கும் இந்தத் துண்டு பொருந்தாது. ஆர்.என்.ஏ.வைத் தெளித்தால் போதாதா என்றால், கடலைக் காய் மண்ணுக்குள் இருக்கிறது; மண் நுண்ணுயிர்கள் சில நாளில் அதைச் சிதைத்துவிடும்.

இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றே. ஆகவே இப்போதைக்குக் களத்து வேலைதான் காப்பு. 40-45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால் ஓடு திடமாகும். அறுவடைக்கு முந்தைய மாதத்தில் வறட்சி தாக்கினால் பூசணம் எளிதில் நுழையும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு பாசனம் கட்டாயம். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலக்கும்; அதை மட்டும் நம்பாமல் ஈரமானியில் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு, உடைக்க எளிதாக இருக்கும் என்று காய்மீது தண்ணீர் தெளிப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே பூசணம் பெருகும். அதன்பின் வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது.

கழித்த சொத்தைப் பருப்பு மலிவாகச் செக்குக்குப் போவது இன்னொரு கேடு. நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் வந்து சேரும். எனவே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரமானியை எல்லாரும் பயன்படுத்த வழிசெய்து, புண்ணாக்கு மூட்டைகளில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேளாண் துறையும் கால்நடைத் துறையும் முன்வர வேண்டும்.

– பயிர் நோயியல் படித்த வாசகர்கள்,
காரைக்குடி