‘திடீரென வெடித்தது’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போன் வெடித்ததாக வரும் செய்திகள் பெரும்பாலும் ‘சார்ஜ் போட்டிருந்தபோது திடீரென வெடித்தது’ என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தத் ‘திடீரென’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. பல பேட்டரிகள் தீப்பிடிப்பதற்கு வெகுநாள் முன்பே அறிகுறி காட்டிவிடுகின்றன. அதைப் படிக்கத்தான் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

என் வீட்டிலேயே நடந்தது இது. மேசைமேல் வைத்த போன், ஓரத்தில் விரல் பட்டதும் பம்பரம்போல் சுழன்றது. தட்டையாக இருந்த பின்மூடி நடுவில் மேடிட்டு, விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தபோது, அவர் மூடியை அழுத்திப் பொருத்தி, “இன்னும் ஆறு மாதம் ஓடும்” என்று திருப்பித் தந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் கிராஃபைட் பூசிய செப்புத் தகடும், கோபால்ட் ஆக்சைடு போன்ற சேர்மம் பூசிய அலுமினியத் தகடும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தொடாமல் காப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான். முழுச் சார்ஜில் சுமார் 4.2 வோல்ட் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் தண்ணீரைக் கரைப்பானாக வைத்தால் அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும் என்பதால், எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவத்தை வைக்கிறார்கள். இத்தனை சிறிய பொருளில் இத்தனை ஆற்றல் அடங்குவதற்கும், அது ஆபத்தாக மாறக்கூடியதாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறே பாதுகாப்பைத் தேடிய வரலாறுதான். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய மின்கலத்தில் லித்தியம் உலோகமாகவே இருந்தது. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றியபோது அதில் ஊசிபோன்ற முளைகள் வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டன, தீப்பிடித்தது. 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். 1985-இல் அகிரா யோஷினோ உலோக லித்தியத்துக்குப் பதிலாகக் கார்பன் பொருளை வைத்து, அந்த மின்கலத்தின்மேல் இரும்புத் துண்டைப் போட்டு நசுக்கிச் சோதித்தார்; அது வெடிக்கவில்லை. 1991-இல் விற்பனைக்கு வந்த இந்த மின்கலத்துக்காக மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பேர் பாடுபட்டு அமைத்த அந்தப் பாதுகாப்பை நாம்தான் தலையணைக்கு அடியில் வைத்துச் சூடேற்றுகிறோம்.

அதிக வெப்பத்தாலும், மின்னழுத்தத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாத மட்டமான சார்ஜராலும், பழமையாலும் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. அதுதான் உப்பல். அதை அழுத்தினால் நடுவிலுள்ள படலம் கிழியலாம். ‘காற்றை வெளியேற்றுகிறேன்’ என்று ஊசியால் குத்தினால் இரு தகடுகளும் இணைந்து, நொடியில் வெப்பம் ஏறும். அந்த வெப்பம் அடுத்த வினையைத் தூண்டும், அது மேலும் வெப்பம் தரும். சூடேறிய கோபால்ட் ஆக்சைடு தானே ஆக்சிஜனை வெளியிடுவதால், துணியைப் போட்டு மூடினாலும் உள்ளே எரிவது நிற்பதில்லை. ஆகவே உப்பியது தெரிந்த உடனே போனை அணைத்து, மீண்டும் சார்ஜ் போடாமல், எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத தரையில் வைத்து, பிறகு மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அங்கும் அது நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

செல்போன் கதிர்வீச்சைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். வேதிப் பிணைப்பை முறிக்கும் ஆற்றல் ரேடியோ அலைகளுக்கு இல்லை என்று விளக்குவேன். ஆனால் மூடி மேடிட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனவே தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய விபத்தைப் பற்றி எழுதும்போது, பேட்டரி முன்பே உப்பியிருந்ததா, மாற்றப்பட்ட பேட்டரியா, எந்த வகைச் சார்ஜர், போன் எதன்மேல் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டு, கிடைத்த விடையைச் செய்தியிலேயே சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்