மகளுக்கு ஆதிரை என்று பெயர் வைக்க நினைக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஆதிரை என்ற பெயருக்கு என்ன பொருள், மகளுக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. பெயர்ப் பட்டியல் தளங்களில் மின்னல், நிலவு என்றெல்லாம் போட்டிருப்பார்கள், அதை நம்பாதே.

ஆதிரை ஒரு நட்சத்திரம். வடமொழியில் ஆர்த்ரா, ஈரமானது என்று பொருள். சிவனுக்குரிய நாள் என்பதால் திருவாதிரை என்கிறோம். மார்கழி முன்னிரவில் கிழக்கு வானில், வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தின் தோளில் சிவந்து தெரியும் விண்மீன் அது. மார்கழி ஆதிரை விழா பரிபாடலிலேயே வருகிறது. அப்பர் திருவாரூர் ஆதிரை நாளுக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

ஆனால் இந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவள் மணிமேகலைக் காப்பியத்தின் ஆதிரைதான். கணவன் சாதுவன் கணிகையிடம் பொருளை இழந்து, கப்பலேறிப் போனான். கப்பல் கவிழ்ந்தது, அவன் இறந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அவள் தீ மூட்டி இறங்க, தீ சுடவில்லை. "தீயும் கொல்லாத் தீவினையாட்டியேன்" என்று அரற்றியவளிடம், அவன் உயிரோடு இருக்கிறான் என்றது அசரீரி. தீயில் இறங்கியவள் பெயரா என்று வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். காவியம் அவளை அங்கே விட்டுவிடவில்லை. மணிமேகலை ஏந்தி வந்த, அள்ளக் குறையாத அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள்தான், "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக" என்று சொல்லி. ஊர்ப்பசி தீர்ந்தது அந்தப் பிடியிலிருந்துதான். இதைவிடப் பெரிய பொருள் ஒரு பெயருக்கு வேண்டுமா?

நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்கள் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடு. திருவாதிரைக்கு அவர்கள் சொல்வது கு, க, ங, ச. 'அ' வரிசை கார்த்திகைக்குப் போகும். திருவாதிரையில் பிறந்த குழந்தைக்கே ஆதிரை பொருந்தாது என்பார்கள்! நட்சத்திரத்தின் பெயரையே வைக்கும்போது எழுத்து எதற்கு என்பது என் கட்சி.

ஆதிரா என்பது மலையாள வழக்கு. தமிழில் ஆதிரை என்றே வை.

ஆங்கில எழுத்தில்தான் சிக்கல் வரும். 'தி'க்கு எச் (H) சேர்க்காவிட்டால் வெளிமாநிலத்தார் 'ஆடிரை' என்பார்கள். முதலில் ஏ (A) இரண்டு போட்டால் நெடில் நிற்கும். முடிவில் ஏ (A), ஐ (I) இரண்டும் வேண்டும். ஐ மட்டும் போட்டால் 'ஆதிரி' ஆகிவிடும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரை அப்போதே சேர்க்க வேண்டியதில்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. அவசரப்படாமல் எழுத்தை முடிவு செய்துகொண்டு போ. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். பெயரிலும் ஆதார், பள்ளிப் பதிவேடு இரண்டும் இதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் அங்கேயே நின்று படித்துப் பார்.

அன்புடன்,
அக்கா