இரண்டாவது கருவியில் உள்ளவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சட்டமன்றத் தொகுதியின் இறுதி வேட்பாளர் பட்டியல் வெளியாகிவிட்டது. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள்தான். அதில் ஒன்று நோட்டாவுக்கு. பெயர்கள் அதற்குள் அடங்காததால் இந்த முறை வாக்குச்சாவடியில் இரண்டு கருவிகள் வைக்கப் போகிறார்கள். பெரிய கட்சி வேட்பாளர்களின் படிப்பு, தொழில், குடும்பம் எல்லாவற்றையும் உங்கள் நாளிதழில் படத்துடன் படித்தேன். மற்றவர்கள் அத்தனை பேரும் "மற்றும் சுயேச்சைகள்" என்று கடைசி வரியில் முடிந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு வாக்களிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீடாமங்கலம் வட்டத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை பயிரிடுகிறேன். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை காவல் கிடக்கிறோம். மூட்டைக்கு இவ்வளவு என்று அங்கே கையூட்டு வாங்கிக்கொள்வது தனி. வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பதெல்லாம் இவற்றைத்தான். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் நின்றபடி கும்பிட்டுக்கொண்டே போகிறவரிடம் எதைக் கேட்பது?

சென்ற வாரம் சுயேச்சை ஒருவர் இருசக்கர வண்டியில் எங்கள் தெருவுக்கு வந்தார். அவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அப்போது அவருக்குச் சின்னமும் கிடைத்திருக்கவில்லை. மூட்டைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். தொகையைச் சரியாகச் சொன்னார். வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிக் கேட்டதற்கு, அது சட்டமன்ற உறுப்பினர் நினைத்தவுடன் நடக்கும் வேலை இல்லை, எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம் என்ற பட்டியலைத் தண்ணீர் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வைப்பதுதான் தன்னால் முடிந்தது என்றார். முடியாததை முடியும் என்று சொல்லாதவரைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் தெருவில் நின்று பேசிய பேச்சை மட்டும் நம்பி வாக்களிக்க மனம் ஒப்பவில்லை.

அன்றிரவே என் மருமகள் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து அவருடைய பிரமாணப் பத்திரத்தைக் கைபேசியில் எடுத்துக் கொடுத்தாள். சொத்து, கடன், படிப்பு, வழக்கு அனைத்தையும் வேட்பாளர் எழுதித் தர வேண்டும் என்பது 2002-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நமக்குக் கிடைத்த உரிமை. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே மேடைப் பேச்சைவிட அந்தத் தாள்களுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் படிப்பது எளிதாக இல்லை. மங்கலான நகல், சட்ட நடை, வழக்குப் பகுதியில் வெறும் பிரிவு எண்கள்.

அந்த வழக்குப் பகுதிதான் எனக்கு முக்கியம். டெல்டாவில் வழக்கு இருப்பதாலேயே ஒருவரைத் தள்ளிவிட முடியாது. தண்ணீர் கேட்டுச் சாலை மறியல் செய்தவர்கள் மீது வழக்கு இருக்கும். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக நின்றவர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். நிலத்தை அபகரித்தவர் மீதும், பெண்ணை அடித்தவர் மீதும் வழக்குதான். "வழக்குகள்: 3" என்று அச்சிட்டால் எல்லாரும் ஒன்றாகத் தெரிவார்கள். எதற்காகப் போட்ட வழக்கு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எடைபோட முடியும். குற்ற வழக்கு உள்ளவர்கள் மூன்று முறை நாளிதழில் விளம்பரம் தர வேண்டும் என்று 2018-ல் நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடு, அந்தப் பொடி எழுத்தை யார் படித்து எங்களுக்குச் சொல்வது?

சுயேச்சைகள் எல்லாரும் நல்ல எண்ணத்தோடு நிற்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024-ல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரும் முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் நின்றதை எல்லாரும் அறிவோம். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சானது. ஆனால் அங்கே கூட்டமாக மனுத் தாக்கல் செய்த விவசாயிகளுக்கு ஒரு குறை இருந்தது, அதைச் சொல்ல வேறு வழி தெரியாமல் செய்தார்கள். இன்று சட்டமன்றத்துக்கு நிற்பவர் 10,000 ரூபாய் கட்ட வேண்டும் (பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதி கட்டினால் போதும்). பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அதுவும் போய்விடும். சுயேச்சை என்றால் தொகுதியிலிருந்து பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். சின்னம் கிடைத்தபின் அதை மக்களிடம் கொண்டுசேர்க்க ஏறத்தாழ இரண்டு வாரம்தான் மிஞ்சுகிறது. இத்தனைக்கும் பிறகு நிற்கிறவர் யார் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

தெரியாதவருக்குப் போட்டால் வாக்கு வீண் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். நோட்டாவை அழுத்து என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக வாக்குப் பெற்றவர்தான் வென்றவர் ஆகிறார். எனக்கு ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் முதல் கருவியில் இருந்தாலும் சரி, இரண்டாவதில் இருந்தாலும் சரி.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னதாக எங்கள் தொகுதிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஒருவரையும் விடாமல், எல்லாருக்கும் ஒரே அளவு இடம் கொடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் உள்ள தொழில், கடன், வழக்கின் விவரம் ஆகியவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். கொள்முதல், தூர்வாரல் குறித்து ஒரே கேள்வியை அனைவரிடமும் கேட்டு, பதில் சொல்லாதவர் பெயருக்கு நேரே "பதில் இல்லை" என்று போடுங்கள். எங்கள் மகளிர் குழுவில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வரும் நாளில் குழுக் கூட்டத்தில் நானே அதை முழுவதும் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, உங்கள் வாசகி
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்