பதினோராம் நாள்

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று போனில் "பேங்க் எக்ஸாமுக்குப் படிச்ச ரெண்டு வருஷம் வீணாப் போச்சுப்பா" என்றாய். உடனே பதில் வரவில்லை. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்கு ராத்திரி எலிதான் ஞாபகம் வந்தது.

1930-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டோல்மன், ஹான்சிக் என்ற இருவர் எலிகளைப் புதிர்ப்பாதைக்குள் விட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதை முடிவில் தீனி. இன்னொன்றுக்குப் பத்து நாள் ஒன்றும் கிடையாது. முட்டுச்சந்தில் மோதுவதும் திரும்புவதுமாகச் சும்மா சுற்றின. பதினோராம் நாள் தீனி வைத்தார்கள். மறுநாளே அவை, தினமும் தின்று பழகிய எலிகளுக்கு ஈடாக ஓடின. சுற்றிய நாளெல்லாம் வழி உள்ளே பதிந்துகொண்டே இருந்திருக்கிறது! அதைத்தான் டோல்மன் 1948-இல் மனவரைபடம் என்றார். எலியோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்காதே, அவரே கட்டுரைத் தலைப்பில் எலியையும் மனிதரையும் ஒன்றாகத்தான் வைத்தார்.

பாலைவன எறும்பு வேறு ரகம். இரை தேடிப் போன எறும்புக்கு 2006-இல் பொய்க்கால் ஒட்டிவிட்டார்கள். திரும்பும்போது அது கூட்டைத் தாண்டிப் போய்த் தேடியது. எத்தனை காலடி வைத்தோம் என்ற கணக்கில்தான் அது தூரம் அறிகிறது; கணக்கு அதே, காலடிதான் நீண்டுவிட்டது. அந்தக் கணக்கு சிக்கனமானது. நம் மூளையோ எடையில் 2 சதவீதம்தான், உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்றுவிடும். இத்தனை செலவில் தலைக்குள் படம் எதற்கு? தீனி இடம் மாறிக்கொண்டே இருக்கும் உலகில், ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்பழக்கம் வைப்பதைவிட ஒரே படம் மலிவு என்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

உன் வங்கித் தேர்வுப் படிப்பு முழுக்கப் பதிந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். மொபைலில் போன மதியங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். ஆனால் அம்மாவின் நகைக்கடன் ரசீதைப் பார்த்ததும் வட்டியில் முந்நூறு ரூபாய் கூடுதல் என்றாயே, அது எந்தக் கேள்வித்தாளிலும் வரவில்லை.

திருப்பூர்க் கம்பெனி வேலைக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. போவதானாலும் வேண்டாமென்றாலும் எனக்குச் சம்மதம். பழைய நோட்டுகளை எடைக்குப் போடச் சொன்னாயாம். போடவில்லை, பரண்மேல்தான் இருக்கின்றன.

அப்பா