மழைச் சத்தம் மழையளவுக்கே இருக்கட்டும்

பழைய ராக் ஆல்பங்களை மறுவெளியீடு செய்யும் இசை நிறுவனங்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சாபத் தன் பெயரையே தலைப்பாக வைத்து 1970 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அடுத்த முறை ரிமாஸ்டர் செய்ய (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைக்க) எடுக்கும்போது, தயவுசெய்து சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

ஹார்டு ராக் கேட்கிறவன் இப்படியும் கேட்பானா என்று சிரிப்பீர்கள். சரி, சிரித்துவிட்டு முதல் பாட்டைப் போடுங்கள். மழை பெய்கிறது. இடி உறுமுகிறது, தூரத்தில் தேவாலய மணி. அரை நிமிடத்துக்கும் மேல் வேறெதுவும் இல்லை. பிறகு டோனி அயோமியின் கிட்டார் இறங்குகிறது. மூன்றே சுரங்கள்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்தியமம். (கர்நாடக இசையில் 36 மேளகர்த்தா ராகங்களில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரத்துக்கு ஐரோப்பாவில் சாத்தான் பட்டம்!) மூன்று சுரத்தில் ஆளை உலுக்குவதற்குக் காரணம், அதற்கு முன்னால் இருந்த மழை. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பாடத் தொடங்கியதும் கிட்டார் மறுபடி பதுங்குகிறது. பில் வார்டின் டிரம்ஸ் ஓரமாக உருண்டுகொண்டிருக்கும். அந்தப் பதுங்கல்தான் அடுத்த பாய்ச்சலுக்கு முதலீடு.

இதை லிமிட்டரில் (உரத்த ஒலியை அமுக்கி, மொத்தச் சத்தத்தையும் ஏற்ற உதவும் கருவி) போட்டு நசுக்கினால் என்ன ஆகும்? மழையும் கிட்டாரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு டிஜிட்டல் பதிப்பில் அப்படித்தான் இருக்கிறது. மழை காதுக்குள் கொட்டுகிறது, கிட்டார் வரும்போது எதுவும் நடப்பதில்லை. இதே ஆல்பத்தின் என்.ஐ.பி. பாட்டுக்கு முன்னால் கீசர் பட்லர் தனியாக வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கும் அதே கதி. சத்தம் போதவில்லை என்றால் வால்யூம் குமிழ் எங்கள் கையிலேயே இருக்கிறது, நாங்கள் திருகிக்கொள்வோம்.

இந்த ஆல்பம் பிறந்த விதத்தையும் பாருங்கள். 1969 அக்டோபரில், லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், ராட்ஜர் பெய்ன் தயாரிப்பில், கிட்டத்தட்ட எல்லாமே ஒரே நாளில் பதிவானது. மேடையில் வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த இடதுகைக்காரர் அயோமி, தானே செய்த பிளாஸ்டிக் தொப்பிகளை விரலில் மாட்டிக்கொண்டு தந்தியை அழுத்தியவர். அவர் எங்கே ஓங்கி அடித்தார், எங்கே மெல்லத் தொட்டார் என்ற வித்தியாசத்தை மென்பொருள் அழிக்கலாமா? விமர்சகர்கள் பலர் அப்போது கிழித்துத் தொங்கவிட்டும், பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது இந்த ஒலிதான்.

அட்டைப்படத்தில் மட்டும் அக்கறை குறையவில்லை. மேபிள்டர்ஹம் தண்ணீர் ஆலையும், முன்னால் நிற்கும் கறுப்பு உடைப் பெண்ணும் அப்படியே பளிச்சென்று வருகிறார்கள். அதில் பாதி கவனம் உள்ளே இருக்கும் ஒலிக்கும் போகட்டும்.

இன்னொன்று. பிரிட்டிஷ் பதிப்பில் ஈவில் உமன் என்ற பாட்டு, அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் விக்கிட் வேர்ல்ட். இரண்டையும் கலந்து புது வரிசை போட வேண்டாம். உபரிப் பாடல்களைத் தனித் தட்டில் கொடுங்கள். எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள், ஒலியை நசுக்கினீர்களா இல்லையா என்று அட்டையின் பின்பக்கம் ஒரு வரி அச்சிடுங்கள். அதைப் படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
இதே ஆல்பத்தை உங்களிடம் திரும்பத் திரும்ப வாங்கும் ஒரு ரசிகன்